அடுத்த சபையின் புனிதர்

கிறிஸ்தவ சபைகளுக்குள் எதில் கருத்து வேறுபாடு என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். போப்பின் அதிகாரம், நற்கருணை, ஞானஸ்நானம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, சற்று நேரத்தில் புனிதர் வணக்கத்தில் வந்து நிற்பார்கள். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறவரும், "இறந்துபோன மனுஷரிடம் ஜெபிக்கலாமா?" என்று கேட்கிறவரும் ஒரே தெருவில் குடியிருக்கும் ஊர்கள் நமக்குப் புதிதல்ல. இந்த நிலையில், புனிதர்களின் வாழ்க்கை கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்கும் என்று யாராவது சொன்னால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

ஆனாலும் கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக உழைப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். 1994-ல் போப் இரண்டாம் ஜான் பால் எழுதிய திருமடல் ஒன்றில், புனிதர்கள், மறைசாட்சிகள் (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்கள்) வழியாக ஏற்படும் ஒன்றிப்பே ஒருவேளை எல்லாவற்றையும்விட நம்பவைக்கக்கூடியது என்று குறிப்பிட்டார். சொன்னவர் நாஜி ஆட்சியையும் அடுத்து வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியையும் போலந்தில் நேரில் கண்டவர். சிறைகளிலும் வதைமுகாம்களிலும் கத்தோலிக்கரும் லூத்தரனும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரும் அருகருகே செத்துப்போன நூற்றாண்டைப் பார்த்துவிட்டு எழுதியது அது. எனவே சிரித்துத் தள்ளிவிட முடியாது.

இரண்டு கேள்விகள்

புனிதர் விஷயத்தில் குழப்பம் வருவதற்குக் காரணம், இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதுதான். இறந்துபோன ஒரு புனிதரிடம் "எனக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்கலாமா என்பது முதல் கேள்வி. கடவுளின் அருள் ஒரு மனிதரின் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதை நினைவுகூர்ந்து, அதைப் பின்பற்றலாமா என்பது இரண்டாவது.

முதல் கேள்வியில் சபைகள் பிரிந்துதான் நிற்கின்றன. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் கேட்கலாம் என்கிறார்கள். புராட்டஸ்டண்ட் சபைகள், கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்று சொல்லி மறுக்கின்றன. விசுவாசிகள் எல்லாரையுமே பவுல் தம் நிருபங்களில் பரிசுத்தவான்கள் என்றுதானே அழைக்கிறார், சிலருக்கு மட்டும் ஏன் பட்டம் என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், இங்கே அதைத் தீர்த்துவைக்கப் போவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வந்தால் கதை வேறு. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் வழிவந்த லூத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணம் 1530-ல் வெளியான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை. அதன் 21-வது பிரிவு, புனிதர்களை உதவிக்கு அழைக்க வேதத்தில் ஆதாரம் இல்லை என்று மறுக்கிறது. ஆனால் அதே பிரிவு, அவர்களுடைய விசுவாசத்தையும் நற்செயல்களையும் பின்பற்றும்படி அவர்களை நினைவில் வைக்கலாம் என்றுதான் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு அந்த அறிக்கைக்கு விளக்கம் எழுதிய, லூத்தரின் தோழர் மெலாங்க்தன், புனிதர்களுக்கு மூன்று வகையில் மரியாதை செய்யலாம் என்றார். அவர்களைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லலாம். மறுதலித்த பேதுருவுக்கே மன்னிப்புக் கிடைத்தது என்று நம் விசுவாசத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அவர்களைப் போல நடக்க முயலலாம். லூத்தர் புனிதர்களைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கும் கத்தோலிக்கர்களும், சில சமயம் லூத்தரன்களுமே, இந்தப் பகுதியைப் படித்தால் ஆச்சரியப்படுவார்கள்.

பட்டம் கொடுக்கும் வழக்கமே இல்லாத சபைகளின் ஞாயிறு பள்ளிகளிலும் சாது சுந்தர் சிங், தோனாவூர் ஏமி கார்மைக்கேல் கதைகளைச் சொல்லாமல் இருப்பதில்லை. எபிரெயர் நிருபம் சொல்லும் "மேகம்போன்ற இத்தனை திரளான சாட்சிகள்" எல்லாச் சபைகளின் வேதாகமத்திலும்தான் இருக்கிறார்கள். ஆக, வணக்கத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு வாழ்க்கையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டால் பேசுவதற்கு இடம் இருக்கிறது.

லூபெக் நால்வர்

வட ஜெர்மனியில் பால்டிக் கடலுக்கு அருகே உள்ள லூபெக், காலங்காலமாக லூத்தரன் ஊர். இரண்டாம் உலகப்போரின்போது அங்கிருந்த திரு இருதய ஆலயத்தில் யோஹானஸ் பிராசெக், எடுவர்ட் முல்லர், ஹெர்மன் லாங்கே என்று மூன்று இளம் கத்தோலிக்கக் குருக்கள் பணிபுரிந்தார்கள். மூவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. முல்லர் குருவாவதற்கு முன் தச்சுவேலை கற்றவர். பிராசெக், கட்டாய வேலைக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த போலந்துத் தொழிலாளர்களுக்கு உதவுவதற்காகவே போலிஷ் மொழி கற்றார். அப்போது அது ஆபத்தான படிப்பு.

அதே ஊரில் லூத்தர் ஆலயத்தின் போதகர் கார்ல் பிரீட்ரிஷ் ஸ்டெல்பிரிங்க். மற்றவர்களைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். முதல் உலகப்போரில் காயம்பட்டவர். சில ஆண்டுகள் பிரேசிலில் ஊழியம் செய்தவர். தீவிர ஜெர்மன் தேசியவாதி, யூத வெறுப்பாளர். நாஜிக் கட்சியில் உறுப்பினராகவே இருந்தார். பிறகு அந்த ஆட்சி திருச்சபையை என்ன செய்கிறது, மனிதர்களை என்ன செய்கிறது என்று பார்த்துப் படிப்படியாக விலகினார். கட்சியிலிருந்தும் வெளியேற நேர்ந்தது. இவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் முற்பகுதியை நாசூக்காகத் தாண்டிப் போகக்கூடாது. அது இல்லாவிட்டால் பிற்பகுதியின் எடை தெரியாது.

1941 கோடையில் மூன்ஸ்டர் நகரின் கத்தோலிக்க ஆயர் வான் காலன், மனநோயாளிகளை அரசு ரகசியமாகக் கொன்றுவருவதைப் பிரசங்க மேடையிலிருந்து வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தப் பிரசங்கங்கள் நாடெங்கும் கைக்குக் கை மாறிப் பரவின. லூபெக்கில் அவற்றை நகல் எடுத்துப் பரப்பியவர்கள் இந்தக் குருக்கள். அந்த ஆண்டில்தான் பிராசெக்குக்கும் ஸ்டெல்பிரிங்க்குக்கும் பழக்கம் ஏற்பட்டது. பிரசங்க நகல்கள் போதகரின் வீட்டுக்கும் போயின, அவரும் பரப்பினார். கத்தோலிக்க ஆயரின் பிரசங்கத்தை லூத்தரன் போதகர் விநியோகிப்பது அன்றைய ஜெர்மனியில் சாதாரண விஷயமில்லை. இரு சபையாரும் திருமணத்துக்குக்கூடக் கலக்கத் தயங்கிய காலம் அது.

1942 மார்ச் 28 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக் மீது குண்டு வீசின. விடிந்தால் குருத்தோலை ஞாயிறு. இரவெல்லாம் தீயணைப்பிலும் மீட்பிலும் இருந்துவிட்டு ஆலயத்துக்கு வந்த ஸ்டெல்பிரிங்க், கடவுள் உரத்த குரலில் பேசியிருக்கிறார் என்ற பொருளில் பிரசங்கம் செய்தார். குண்டுவீச்சைத் தெய்வ தண்டனை என்று சொல்லிவிட்டார் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. சில நாட்களில் கைதானார். அடுத்த மாதங்களில் குருக்கள் மூவரும், அவர்களோடு பதினெட்டுப் பொதுநிலையினரும் பிடிபட்டார்கள்.

1943 ஜூனில், மக்கள் நீதிமன்றம் என்ற பெயரில் இயங்கிய நாஜி நீதிமன்றம் லூபெக்குக்கே வந்து விசாரித்தது. எதிரி நாட்டு வானொலியைக் கேட்டார்கள், போர்முனை மன உறுதியைக் குலைத்தார்கள் என்று குற்றச்சாட்டு. நால்வருக்கும் மரண தண்டனை. நவம்பர் 10 மாலை ஹாம்பர்க் சிறையில் கில்லட்டின் இயந்திரத்தில், சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகத் தலை வெட்டப்பட்டார்கள். நால்வரின் இரத்தமும் ஒன்றாகக் கலந்தது என்று லூபெக் மக்கள் இன்றும் சொல்வது மிகைப்படுத்தல் இல்லை, நடந்தது அதுதான்.

இதற்குப் பின் நடந்ததுதான் நம் தலைப்புக்கு முக்கியம். ஸ்டெல்பிரிங்க்கை அவருடைய சபைத் தலைமை பணிநீக்கம் செய்திருந்தது. அவருடைய மரியாதையை அந்தச் சபை முறைப்படி மீட்டுக் கொடுத்தது 1993-ல், அரை நூற்றாண்டுக்குப் பிறகு. கத்தோலிக்கத் தரப்பில் மூன்று குருக்களையும் புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலையான அருளாளர் நிலைக்கு உயர்த்தும் வேலை தொடங்கியது. உடனே ஒரு சங்கடம். லூத்தரன் சபையில் அப்படிப் பட்டம் கொடுக்கும் முறை இல்லை. மூவரை மட்டும் மேடையேற்றினால், நால்வராகச் செத்தவர்களை நாமே பிரித்ததாகிவிடாதா? இரு சபையாருமே இதைக் கேட்டார்கள். 2011 ஜூன் 25 அன்று லூபெக்கில் விழா நடந்தபோது மூவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது. ஸ்டெல்பிரிங்க்கின் பெயரும் அதே விழாவில் மரியாதையோடு நினைவுகூரப்பட்டது. லூபெக்கில் பேச்சு வழக்கு இன்றும் 'நான்கு மறைசாட்சிகள்' என்றுதான்.

பட்டம் கொடுக்கும் சபை, பட்டம் கொடுக்க முடியாத ஒருவரைத் தன் விழாவில் சேர்த்துக்கொள்கிறது. பட்டமே வேண்டாம் என்கிற சபை, அந்த விழாவுக்கு வந்து அமர்கிறது. ஒன்றிப்பு நடைமுறையில் இப்படித்தான், விதிமுறைகளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்காருவதாகத்தான் இருக்கிறது.

இதில் என்ன தர்க்கம்?

ஒரு சபையைக் கோட்பாட்டின் வழியாக மட்டும் பார்த்தால், அங்கே என்ன தவறு என்பதுதான் முதலில் கண்ணில் படும். ஒரு மனிதரின் வாழ்க்கை வழியாகப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது: இவருக்கு இந்தத் துணிவும் அன்பும் எங்கிருந்து வந்தன? கிறிஸ்துவிடமிருந்துதான் என்று ஒப்புக்கொண்டால், அந்தச் சபையின் பிரசங்கமும் ஜெபமும் பாட்டும் திருவிருந்தும் இவரை வளர்த்திருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். அதாவது, அடுத்த சபையில் ஒரு புனிதரைக் கண்டுவிட்டால், அந்தச் சபையைக் கிறிஸ்து கைவிட்டுவிட்டார் என்று பிறகு சொல்ல முடியாது.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஆணை இதையே கத்தோலிக்கர்களிடம் கேட்டுக்கொண்டது. பிரிந்த சகோதரர்களிடம் உள்ள உண்மையான கிறிஸ்தவச் செல்வங்களை, இரத்தம் சிந்திச் சாட்சி சொல்லும் அளவுக்குப் போனவர்களின் வாழ்க்கை உட்பட, மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றது. அதில் 'மகிழ்ச்சியோடு' என்று சேர்த்தவர்களைப் பாராட்ட வேண்டும். வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொள்வது எல்லாருக்கும் வரும்.

நினிவேயின் ஈசாக்கு

மறைசாட்சிகளை வைத்தே பேசுவதில் ஒரு வசதி உண்டு: செத்தவரோடு விவாதிக்க வேண்டியதில்லை. ஆனால் யாரும் கொல்லாமல், வாழ்ந்து முடித்து, எழுதிவைத்துப் போன ஒருவரை வைத்து இதே தர்க்கத்தைச் சோதித்துப் பார்ப்பது இன்னும் சுவையானது.

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஈசாக்கு, இன்றைய கத்தார் உள்ளிட்ட வளைகுடாப் பகுதியில் பிறந்தவர். கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவர். 431-ல் நடந்த எபேசு சங்கத்தை ஒட்டிய சர்ச்சையில் மற்றச் சபைகளிடமிருந்து பிரிந்து, 'நெஸ்டோரியர்' என்று பிறரால் ஏசப்பட்ட சபை அது. அவரை நினிவேயின் ஆயராக நியமித்தார்கள். ஐந்தே மாதங்களில் பதவியை விட்டுவிட்டு மலைக்குப் போய்த் துறவியானார். படித்துப் படித்துக் கண்பார்வை போயிற்று என்று பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. இரக்கமுள்ள இதயம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில் புகழ்பெற்றது: மனிதர், பறவை, விலங்கு, பிசாசுகள் என்று எல்லாப் படைப்புக்காகவும் பற்றி எரியும் இதயம் அது, எந்த உயிருக்கும் சிறு துன்பம் நேர்வதைக்கூட அதனால் தாங்கிக்கொள்ள முடியாது. பிசாசுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்ன துறவியை எந்தச் சபை வேலிக்குள் அடைப்பது?

உண்மையிலேயே அடைக்க முடியவில்லை. எருசலேமுக்கு அருகே உள்ள மார் சபா மடத்துத் துறவிகள் இருவர் அவருடைய சிரியாக் எழுத்துகளைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். அவர்கள் ஈசாக்கின் சபையை எதிர்த்த தரப்பைச் சேர்ந்தவர்கள். அங்கிருந்து கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மடங்களுக்கெல்லாம் அந்த எழுத்துகள் போயின. வழியில் ஒரு சின்னக் கைவரிசையும் நடந்தது. ஈசாக்கு மரியாதையோடு மேற்கோள் காட்டிய தன் சபையின் ஆசிரியர் தியோடோர், மற்றச் சபைகளில் கண்டனத்துக்கு உள்ளானவர். எனவே பிரதி எடுத்தவர்கள் அந்தப் பெயரை எடுத்துவிட்டுத் தங்களுக்கு ஏற்புடைய ஆசிரியர் ஒருவரின் பெயரைச் செருகிவிட்டார்கள். ஆளை விட மனமில்லை. அவர் வந்த வீட்டை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாகப் பல தரப்புச் சபைகள் அவரைப் படித்து வளர்ந்தன. அவர் சபையை மட்டும் திட்டிக்கொண்டே இருந்தன.

1994 நவம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையும், ஈசாக்கின் சபையின் இன்றைய தொடர்ச்சியான கீழை அசீரியத் திருச்சபையும், கிறிஸ்துவைப் பற்றிய நம்பிக்கையில் தங்களுக்குள் உடன்பாடு உண்டு என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதன் முப்பதாம் ஆண்டை ஒட்டி 2024 நவம்பர் 9 அன்று, அசீரியத் தலைவர் மூன்றாம் மார் அவா ரோமுக்கு வந்திருந்தபோது, ஈசாக்கின் பெயர் ரோமன் மறைசாட்சிகள் ஏட்டில் (பெயர் அப்படியானாலும், கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கும் எல்லாப் புனிதர்களின் பட்டியல் அது) சேர்க்கப்படும் என்று போப் பிரான்சிஸ் அறிவித்தார். ரோமுடன் ஒன்றிப்பில் இல்லாத சபையின் ஆயர், அந்தச் சபையின் ஆயர் என்றே ஏற்கப்பட்டார். இந்தச் சபை ஏதோ தொலைதூரத்துச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். கேரளத்தின் திருச்சூரில் கல்தேய சிரியன் சபை என்ற பெயரில் இருப்பது இதன் இந்தியக் கிளைதான்.

ஒரே நெருப்பு, பிறகு துப்பாக்கி

இனி இந்தக் கருத்தின் பலவீனமான பக்கம். சேர்ந்து இரத்தம் சிந்தினாலே ஒன்றிப்பு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உகாண்டாவைப் பார்க்க வேண்டும்.

1885 முதல் 1887 வரை, இன்றைய உகாண்டாவில் இருந்த புகாண்டா அரசின் மன்னன் முவாங்கா, தன் அரண்மனை இளைஞர்கள் உட்படப் பல கிறிஸ்தவர்களைக் கொன்றான். 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் (இங்கிலாந்துத் திருச்சபை மரபினர்) ஒன்றாக எரிக்கப்பட்டார்கள். கொன்றவனுக்கு அவர்களிடையே வித்தியாசம் தெரியவில்லை. தப்பித்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1892 ஜனவரியில், கத்தோலிக்கத் தரப்பும் புராட்டஸ்டண்ட் தரப்பும் மெங்கோவில் துப்பாக்கியோடு மோதிக்கொண்டன. மறைசாட்சிகளின் சாம்பல்மேல் புல் முளைத்து வெகுகாலம் ஆகியிருக்காது.

மாற்றம் வந்தது நினைவுகூரும் முறை மாறியபோதுதான். 1964 அக்டோபரில் போப் ஆறாம் பவுல் 22 கத்தோலிக்க மறைசாட்சிகளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, கிறிஸ்துவின் பெயருக்காக இறந்த ஆங்கிலிக்கர்களையும் மறக்க விரும்பவில்லை என்று அதே மறையுரையில் சொன்னார். நமுகோங்கோவில் கத்தோலிக்கத் திருத்தலம், ஆங்கிலிக்கத் திருத்தலம் என்று இரண்டு உண்டு. 2015 நவம்பரில் போப் பிரான்சிஸ் இரண்டுக்கும் போனார். இப்படிச் சேர்ந்து சாவதை 'இரத்தத்தின் ஒன்றிப்பு' என்று அவர் அழைப்பது வழக்கமாக இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் லிபியக் கடற்கரையில் கொல்லப்பட்ட 21 தொழிலாளர்களை எகிப்தின் காப்டிக் ஆர்த்தடாக்ஸ் சபை மறைசாட்சிகளாக அறிவித்தது. 2023 மே மாதம் அவர்கள் பெயர்கள் ரோமின் ஏட்டிலும் சேர்ந்தன. எகிப்தியர் 20 பேர், கானா நாட்டவர் ஒருவர்.

உகாண்டாக் கதையில் எனக்குத் தெரிகிற பாடம் கசப்பானது. அந்த நெருப்பு 1886-லேயே எரிந்து முடிந்துவிட்டது. அடுத்த சபையின் பெயர்ப்பட்டியலையும் வாசிக்கலாம் என்று தோன்றுவதற்கு எழுபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன.

புனிதரே வழக்காகும்போது

நமக்கு அருகிலேயே இன்னொரு எச்சரிக்கை இருக்கிறது. அப்போஸ்தலர் தோமாவைக் கேரளத்தின் சிரியன் மரபுச் சபைகள் அத்தனையும் தங்கள் தந்தை என்கின்றன. சென்னை சாந்தோமில் அவருடையது என்று நம்பப்படும் கல்லறை இருக்கிறது. இவ்வளவு பொதுவான புனிதர் கிடைப்பது அரிது. ஆனால் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயத் தரப்புகளுக்கு இடையே ஆலயங்கள் யாருக்கு என்ற வழக்கு தலைமுறைகளாக நடந்து, 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. தீர்ப்பு வந்த நாள் ஜூலை 3, தோமாவின் திருநாள். தகப்பன் ஒருவராக இருப்பது பாகப்பிரிவினையைத் தடுப்பதில்லை. சொல்லப்போனால் அதற்குக் காரணமே அதுதான்.

இங்கேதான் இந்தக் கருத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே புனிதர் இரு தரப்புக்கும் சொந்தமாக இருப்பதால் ஒன்றிப்பு வருவதில்லை. நமக்குச் சொந்தமில்லாத ஒருவரைப் புனிதர் என்று கண்டுகொள்ளும்போதுதான் ஏதோ அசைகிறது.

அதிலும் கடினமானது, நம் தரப்பால் துன்பப்பட்டவரைக் கண்டுகொள்வது. 1623-ல் இன்றைய பெலாருஸில் உள்ள வீட்டெப்ஸ்க் நகரில் கும்பலால் கொல்லப்பட்ட பேராயர் யோசபாத், கத்தோலிக்கர்களுக்கு, ரோமுடனான ஒன்றிப்புக்காக உயிர் கொடுத்த புனிதர். ஆர்த்தடாக்ஸ் மக்களின் நினைவிலோ, தங்கள் ஆலயங்களைப் பறித்தவர். அவர் கொல்லப்படுவதற்கு முந்தைய ஆண்டே, கத்தோலிக்கரான லித்துவேனியச் சான்சலர் லெவ் சபியேஹா அவருடைய கெடுபிடியைக் கண்டித்துக் கடிதம் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட வாழ்க்கையை ஒரு தரப்பின் நூலிலிருந்து மட்டும் படித்தால் பழைய காயம்தான் ஆழமாகும். இரு தரப்பு வரலாற்றையும் எதிரெதிரே வைத்துப் படிக்கும் பொறுமை இல்லையென்றால், இப்படிப்பட்டவர்களை வைத்துத் தொடங்காமல் இருப்பதே மேல்.

இங்கிலாந்துத் திருச்சபை இந்தக் கடினமான வேலையில் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. அதன் நாட்காட்டியில் ஜூலை 6 தாமஸ் மோரின் நாள். எட்டாம் ஹென்றி திருச்சபையின் தலைவர் என்பதை ஏற்க மறுத்து 1535-ல் தலை வெட்டப்பட்ட கத்தோலிக்கர் அவர். எந்தச் சபையை ஏற்க மறுத்துச் செத்தாரோ, அதே சபையின் நாட்காட்டியில் இருக்கிறார். அக்டோபர் 6 வேதாகமத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேலின் நாள். அடுத்த ஆண்டே, 1536-ல், கழுத்தை நெரித்து எரிக்கப்பட்டவர். மோரும் டிண்டேலும் ஒருவரையொருவர் வசைமாரி பொழிந்து பக்கம் பக்கமாக எழுதியவர்கள்; மோர் சான்சலராக இருந்தபோது சீர்திருத்தக்காரர்கள் எரிக்கப்பட்டார்கள். இருவரையும் ஒரே நாட்காட்டியில் வைப்பது எல்லாவற்றையும் பூசி மெழுகும் வேலை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரையும் நினைவுகூரும் சபை, இருவரில் ஒருவராவது பெரிய தவறு செய்தார் என்பதை ஆண்டுதோறும் நினைக்க வேண்டியிருக்கிறது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியின் மேற்கு வாசலுக்கு மேலே, 1998-ல் இருபதாம் நூற்றாண்டு மறைசாட்சிகள் பத்துப் பேரின் சிலைகளை வைத்தார்கள். கத்தோலிக்கரான மாக்ஸ்மிலியன் கோல்பே, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் இளவரசி எலிசபெத், பாப்டிஸ்ட் போதகர் மார்ட்டின் லூதர் கிங், லூத்தரன் இறையியலாளர் போன்ஹோபர் எல்லாரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். எல் சால்வடோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவும் உண்டு. அவருக்குச் சொந்தச் சபை புனிதர் பட்டம் கொடுத்தது 2018-ல், ஆங்கிலிக்கர்கள் சிலை வைத்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. சில சமயம் அடுத்த வீட்டுக்காரருக்குத்தான் முதலில் தெரிகிறது.

தொடங்குவது எப்படி?

இதனால் என்ன கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈசாக்கை இரு சபைகளும் நினைவுகூர்வதால் அவை ஒரே பீடத்தில் திருவிருந்து கொண்டாடப் போவதில்லை. போப்பின் அதிகாரம் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. 2017-ல் இத்தாலியின் பாரி நகரிலிருந்து புனித நிக்கோலாவின் திருப்பண்டம் (உடல் எச்சம்) ரஷ்யாவுக்குக் கடனாகப் போனது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று வணங்கினார்கள். அருமையான நிகழ்வுதான். இரு சபைத் தலைமைகளின் உறவு அதன்பிறகு சீராகிவிட்டது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. கோட்பாட்டு உரையாடல்களைப் பொறுமையாக நடத்தத்தான் வேண்டும். புனிதர்களின் வாழ்க்கை அந்த மேசைக்கு வருகிறவர்களின் மனநிலையை மாற்றும். மேசையில் உள்ள தாள்களை மாற்றாது.

சிறு அளவில் முயன்று பார்க்க விரும்பும் இளைஞர் குழுக்களுக்கோ குடும்பங்களுக்கோ ஒரு யோசனை. ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான மன்றாட்டு வாரம் நடக்கிறது. தற்செயலாக, முதல் நாளான ஜனவரி 18 இங்கிலாந்துத் திருச்சபை நாட்காட்டியில் ஏமி கார்மைக்கேலின் நாள். 1951-ல் தோனாவூரில் அவர் இறந்த தேதி. இந்த வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மூன்று சபைகளைச் சேர்ந்தவர்கள் கூடி ஆளுக்கொரு வாழ்க்கையைச் சொல்லலாம். விதி ஒன்றே ஒன்று: சொல்கிறவர், தான் சொல்லும் புனிதரின் சபையைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. ஏமி கார்மைக்கேலைப் பற்றிக் கத்தோலிக்கர் சொல்லட்டும். கோல்பேயைப் பற்றி சி.எஸ்.ஐ. சபைக்காரர் சொல்லட்டும். ஈசாக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே அநேகமாக யாருடைய சபையும் அது இல்லை.

தயாரிக்கும்போது அற்புதக் கதைகளிலிருந்து தொடங்க வேண்டாம். அங்கே பேச்சு உடனே பழைய சண்டைக்குள் விழுந்துவிடும். அவர்களே எழுதிய கடிதங்கள், பிரசங்கங்கள், வழக்குப் பதிவுகள் கிடைத்தால் அவற்றை எடுங்கள். ஸ்டெல்பிரிங்க்கின் கட்சி உறுப்பினர் அட்டையைப் போன்ற சங்கடமான பகுதிகளை மறைக்க வேண்டாம். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். சொல்லி முடித்ததும் அந்தப் புனிதரின் சபையைச் சேர்ந்தவர் யாராவது இருந்தால், விட்டுப்போனதை அவர் எடுத்துச் சொல்லலாம். திருத்தம் மட்டும்தான், பிரசங்கம் கூடாது.